'வேண்டாம்' என்பதற்குக் கட்டம் இல்லை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான். அது தடுப்பூசிக் குளிர்பெட்டி இருக்கும் அறை. கர்ப்பிணிகளுக்கு அந்தப் புது ரத்தப் பரிசோதனையைப் பற்றி எடுத்துச் சொல்லி, வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் வேலையை என் தலையில் கட்டியபோது, 'தனியறையில், குடும்பத்தார் யாரும் இல்லாமல், பெண் தானே முடிவெடுக்க வேண்டும்' என்று உத்தரவில் போட்டிருந்தார்கள். அதனால் எங்கள் பகுதிப் பெண்களின் சொந்த முடிவுகள் எல்லாம் போலியோ சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுக்கப்பட்டன. குளிர்பெட்டி அவ்வப்போது உறுமும். வருகிற பெண் திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

பரிசோதனை என்னவோ எளிமையானதுதான். தாயின் கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுப்போம். அதில் பிள்ளைப் பக்கத்து மரபணுத் துணுக்குகளும் கொஞ்சம் கலந்திருக்கும். அதை வைத்து, பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற ஒன்று இருக்க வாய்ப்பு அதிகமா குறைவா என்று சொல்வார்கள். உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். வாய்ப்பு அதிகம் என்று வந்தால் மதுரைக்கோ திருச்சிக்கோ போய், வயிற்றில் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய கர்ப்பிணிகளுக்கு மட்டும், எங்கள் பகுதியில் மட்டும், சோதனை முயற்சியாக இது இலவசம். நான் கிராம சுகாதார செவிலியர். ஒருநாள் பயிற்சியும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்து, இந்தத் திட்டத்துக்கு இங்கே நீதான் ஒரே ஆலோசகர் என்று அனுப்பிவிட்டார்கள்.

வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி.

"ஆணா பொண்ணான்னு இதுல தெரியுமாக்கா?"

"தெரியும். ஆனா சொல்லக் கூடாது. சட்டம்."

"தெரிஞ்சதச் சொல்ல மாட்டாங்க. தெரியாதத மட்டும், இருந்தாலும் இருக்கும், இல்லாட்டியும் இல்லைன்னு சொல்லுவாங்களா? நல்லாருக்குக்கா ஒங்க டெஸ்ட்டு!"

அப்படிச் சொல்லிவிட்டுக் கையை நீட்டிவிடுவார்கள். அரசாங்கம் சும்மா செய்கிறது, எதற்கு விட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒருத்தி தன் கணவரை குவைத்திலிருந்து வீடியோவில் அழைத்து, ஃபோனைக் குளிர்பெட்டி மேல் சாத்தி வைத்தாள். அறையில் குடும்பத்தார் இருக்கக் கூடாதே என்று நான் மேலிடத்துக்குப் பேசினேன். அரைமணி நேரம் யோசித்து, "ஃபோன் ஆள் கணக்குல வராது" என்று பதில் வந்தது. அந்தக் கணவர் அங்கிருந்தே எல்லாவற்றுக்கும் 'சரி சரி' என்றார். நானும் 'தெளிவான முடிவு' என்று எழுதி அனுப்பினேன். அதுவரை ஒருத்திகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. இத்தனை பேரும் புரிந்துதான் நீட்டினார்களா என்று நான் யோசித்ததும் இல்லை.

மாதாந்திரக் கூட்டத்தில் அதிகாரி எங்களைப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, "இது முழுக்க முழுக்க விருப்பத்தின் பேர்லதான். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனா ஒருத்தர்கூட விடுபடவும் கூடாது" என்றார். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். எழுதும்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை, எனக்கும்தான்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது. வயது முப்பத்தொன்பது. இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. ஒன்று மூன்றாம் மாதத்தில் போனது, இன்னொன்று ஐந்தாம் மாதத்தில். ஐந்தாம் மாதத்தில் போனதை நான் கையில் வாங்கிப் பார்த்தவள். இது தங்க வேண்டும், அது போதும். என்ன மாதிரிப் பிள்ளையாக வந்தாலும் வளர்ப்பேன் என்று முதல் நாளே என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். "நீ என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அரசாங்கத் தாள்லயும் இதத்தான் அச்சடிச்சிருக்காங்க. நீங்களாச்சும் வேற எதாச்சும் சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். மனுசர் பயந்துபோய் மாங்காய் வாங்கப் போய்விட்டார்.

முப்பத்தைந்தைத் தாண்டிய கர்ப்பிணி என்பதால் நானும் பட்டியலில் ஏறினேன். எனக்கும் ஆலோசனை சொல்லியாக வேண்டும். ஆலோசகர் நான் ஒருத்திதான். மாவட்ட அலுவலகத்துக்குப் பேசினேன்.

"நானே எனக்குச் சொல்லிக்கிறலாமா சார்?"

"எப்படிம்மா? தனக்குத் தானே ஒருத்தர் நடுநிலையா இருக்க முடியுமா? ஆலோசகரும் பயனாளியும் ஒரே ஆளா இருக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. அங்க வேற யாருக்காச்சும் பயிற்சி குடுத்து, அவர வச்சுக் கேளுங்க."

வேறு யார் இருக்கிறார்கள்? டாக்டரம்மா வாரத்தில் மூன்று நாள் வேறு ஊரில். மருந்தாளுநர் பணியிடம் காலி. மிஞ்சியது எங்கள் சுகாதார ஆய்வாளர். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறவர். ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிய மனிதர். அவருக்கு நான் ஒரு முழு மத்தியானம் பயிற்சி கொடுத்தேன். மறுநாள் அவர் எனக்கு ஆலோசனை சொன்னார்.

குளிர்பெட்டி அறையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கையேட்டையும் குளிர்பெட்டியின் வெப்பமானியையும் மாறி மாறிப் பார்த்தபடியே படித்தார்.

"பயனாளி அவர்களே, வணக்கம்."

"வணக்கம் சார்."

"உங்கள் கணவர் உங்களுக்கு ரத்த உறவா?"

"ஒங்களுக்குத் தெரியாதா சார்? கல்யாணத்துக்கு வந்து பந்தியில மொத வரிசையில ஒக்காந்தீங்களே."

"தெரிஞ்சாலும் கேக்கணும்னு நீங்கதான சிஸ்டர் நேத்து சொல்லிக்குடுத்தீங்க?"

சொல்லித்தான் கொடுத்திருந்தேன். மேலே படித்தார். குரோமோசோம் என்ற இடத்தில் மூன்று முறை தடுக்கினார், நான் எடுத்துக்கொடுத்தேன். கடைசியில், "சொல்லப்பட்ட விவரங்கள் அனைத்தும் உங்களுக்குப் புரிந்ததா?" என்று கேட்டார்.

"நாந்தான சார் ஒங்களுக்கே சொல்லிக்குடுத்தேன்!"

"அப்ப புரிஞ்சுச்சுன்னு போட்டுக்கிறேன். ஒங்க முடிவு?"

"வேண்டாம் சார்."

அவர் வெப்பமானியை விட்டுவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்தார். சந்தோஷப்பட்டாரா, பயந்தாரா தெரியவில்லை. கையேட்டில் 'வேண்டாம் எனக் கூறப் பயனாளிக்கு முழு உரிமை உண்டு' என்று தடித்த எழுத்தில் இருந்தது. முடிவைப் பதிவு செய்யக் கொடுத்திருந்த டேப்லெட்டில் இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒன்று 'ஒப்புதல் பெறப்பட்டது'. இன்னொன்று 'நிலுவையில்'. மேலும் கீழும் தள்ளிப் பார்த்தோம். திரையை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். வேண்டாம் என்பதற்குக் கட்டமே இல்லை.

உதவி எண்ணுக்கு அடித்தேன். ஒரு பையன் எடுத்தான்.

"வேண்டாம்னு சொன்னதுக்கு என்ன காரணம் மேடம்?"

"வேண்டாம், அதான் காரணம்."

"அது காரணம் இல்லையே மேடம். ஒப்புதல்னு போட்டுட்டு ரத்தம் எடுக்காம விட்டுடுங்களேன்."

ஒப்புதல் என்று போட்டால் மறுநாளே ரத்தக் குழாய் கேட்டுக் கூரியர்காரன் வாசலில் வந்து நிற்பான். பச்சைப் பொய்யும் சொல்ல வேண்டும், பிறகு அந்தப் பொய்க்குக் குழாயும் கொடுக்க வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டு நிலுவையில் போட்டேன். போனால் போகிறது, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

அது அதன் பாட்டுக்குக் கிடக்கவில்லை. என் பகுதிக் கர்ப்பிணிகள் பட்டியலில் ஒரு பெயர் நிலுவையில் இருந்தாலும் பட்டியல் மூடாதாம். பட்டியல் மூடாவிட்டால் அந்தப் பகுதிக்கான ஊட்டச்சத்துப் பெட்டகம் எதையும் வழங்கியதாகப் பதிய முடியாதாம். பெட்டகங்களோ வந்து வராந்தாவில் அடுக்கியிருக்கின்றன. கூடை கூடையாகப் பேரீச்சம்பழம், சத்துமாவு, நெய், டானிக். எல்லாரும் பார்க்கிறார்கள், யாரும் தொட முடியவில்லை. எறும்புகள் மட்டும் பதிவு இல்லாமல் எடுத்துப் போயின.

இரண்டு வாரம் பொறுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆறு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவளுக்கு எட்டு மாதம்.

"அக்கா, ஒங்க ஒரு ஆளுக்காக எங்க சாமான் எல்லாம் அங்கன கெடக்குதாம்ல. இன்ஸ்பெக்டர் சார் சொல்றாரு."

"அது கம்ப்யூட்டர் கோளாறுத்தா. நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கையை நீட்டிட்டா முடிஞ்சு போச்சாம்ல? எங்களுக்கு எத்தன ஊசி போட்டிருப்பீங்க! ஒங்களுக்கு ஒண்ணுன்னா இம்புட்டுப் பயமா?"

சுருக்கென்று தைத்தது. ஊசிக்கு நான் பயப்படவில்லை. அந்த ஒரு தாளுக்குத்தான் பயந்தேன். வாய்ப்பு அதிகம் என்று எழுதி வந்துவிட்டால் மீதி மாதங்களை எப்படி ஓட்டுவேன்? இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்த வயிற்றில் அடுத்த ஊசி விட நான் சம்மதிக்கப் போவதில்லை. அரைகுறையாகத் தெரிந்துகொண்டு உட்கார்ந்து அழுவதற்கு எனக்கு எதற்கு அந்தத் தாள்? இதை ஆறு பேரிடமும் எப்படிச் சொல்வது? உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்கக்கா" என்று எனக்கே ஆலோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். போனபிறகு உண்மையிலேயே கையை நீட்டிவிடலாமா என்று இருந்தது. வேண்டாம் என்று சொல்லலாம், அது உங்கள் உரிமை என்று ஊருக்கெல்லாம் படித்துக் காட்டியவள் நான். அதைச் சொல்லிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரிந்தது.

மறுநாள் ஆய்வாளர் ஒரு வழியோடு வந்தார். பட்டியலிலிருந்து ஒரு கர்ப்பிணியை எடுக்க மூன்று காரணங்களை இயந்திரம் ஒத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்திருந்தார். பிரசவமானது, கருச்சிதைவு, இடம்பெயர்வு.

"மொதலாவது ஆகாது, இன்னும் நாலு மாசம் கெடக்கு. ரெண்டாவதப் போட்டா ஒடனே..."

"அதத் தொடாதீங்க சார்!" என்று கத்திவிட்டேன். வராந்தாவில் மாத்திரைக்கு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் விரலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க சிஸ்டர். புத்திகெட்டுச் சொல்லிப்புட்டேன். மூணாவதப் போடுவோம்."

இடம்பெயர்ந்தேன். எங்கே என்று கேட்டது. கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் வடக்கே போனால் ஒரு பாலம். அதற்கு அங்கிட்டு அடுத்த மாவட்டம். அங்கே இந்தத் திட்டம் இல்லை, அதனால் கேள்வியும் இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் முப்பத்தொன்பது வயதில் உண்டானால் பதினேழு கேள்வி கேட்பார்கள், அந்தப் பக்கம் உண்டானால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஊரைத் தேர்ந்தெடுத்து அமுக்கினார். பட்டியல் பச்சையாக மாறியது. சாயங்காலத்துக்குள் வராந்தா காலியாகிவிட்டது. என் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நான் வேறு மாவட்டத்துக்குக் குடிபோயிருந்தேன்.

மூன்றாம் நாள் அந்த ஊர்ச் செவிலியர் ஃபோன் பண்ணினாள்.

"அக்கா, ஒங்க பேரு என் லிஸ்ட்டுல வந்திருக்கு. எங்க குடியிருக்கீங்க? தெருத் தெருவாத் தேடுறேன்."

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அதன்பின் மாதம் ஒருமுறை ஸ்கூட்டியில் பாலம் தாண்டி வந்து, என் நாற்காலியிலேயே வைத்து எனக்கு ரத்த அழுத்தம் பார்த்து, 'வீட்டில் சந்தித்தேன்' என்று பதிந்துகொண்டு போனாள்.

பிள்ளை தங்கியது. பத்தாம் மாதத்தில் பெண்ணாகப் பிறந்தாள். டாக்டர் எதுவும் சொல்லும் முன்னே எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை பிள்ளைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன்! கண்ணின் ஓரம், தொளதொளவென்ற கை கால், உள்ளங்கையில் குறுக்கே ஓடிய ஒற்றை ரேகை. பிறகு எடுத்த பரிசோதனையும் அதையே சொன்னது. அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, வளர்ப்பேன் வளர்ப்பேன் என்று வீராப்புப் பேசியவள் நன்றாகவே அழுதேன். இதயத்தில் ஓட்டை இல்லை என்று மதுரையில் சொன்ன பிறகுதான் சோறு இறங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "நர்ஸா இருந்துக்கிட்டு, சும்மா குடுத்த டெஸ்ட்ட எடுக்காம விட்டுட்டியே" என்றார்கள். என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் அப்படிக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஐஸ் கம்பெனி வரை நடந்து போய் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தார்.

இவளைப் போன்ற பிள்ளை வயிற்றில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கக் குழாய் இருந்தது, குளிர்பெட்டி இருந்தது, கூரியர் இருந்தது, டேப்லெட் இருந்தது. பிறந்த பிறகு கை கால் பயிற்சிக்குப் புதுக்கோட்டைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அதுவும் வாரத்தில் ஒரு நாள். இதைப் பின்னால் ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "அது வேற திட்டம்மா" என்றார்கள்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. கூடவே தூக்கிக்கொண்டு போனேன். குளிர்பெட்டி அறையில் பாய் விரித்துப் போட்டால் தன் பாட்டுக்குக் கிடப்பாள். குளிர்பெட்டி உறுமினால் இவள் மட்டும் சிரிப்பாள். அப்போது ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு கடிதம் வந்தது. ஒரு பிரிவிலிருந்து, கர்ப்பிணிகள் கூடும் நாளில் நான் குழந்தையோடு மேடையேறி, பரிசோதனையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று என் அனுபவத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இன்னொரு பிரிவிலிருந்து, பயனாளியின் முடிவைப் பாதிக்கக்கூடிய எதையும் ஆலோசனை அறையில் வைக்கக் கூடாது, ஆகவே குழந்தையை உடனே வெளியேற்ற வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இந்தக் குழந்தையைக் காட்டு என்று ஒன்று, காட்டாதே என்று ஒன்று. இரண்டையும் ஆய்வாளரிடம் நீட்டினேன்.

"மேடைக்கு நீங்க போக வேண்டாம் சிஸ்டர். கேட்டா ஒடம்பு சரியில்லைன்னு நான் சொல்லிக்கிறேன். ரெண்டாவதுக்கு எதாச்சும் செஞ்சாகணும், படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க."

எவ்வளவு தூரத்தில் வைத்தால் முடிவு பாதிக்காது என்று அவரே ஃபோன் போட்டுக் கேட்டார். ஆறு அடி என்று பதில் வந்தது. கொசுப்புழு பார்த்த வீட்டுச் சுவரில் தேதி போடும் சாக்பீஸை எடுத்து, கதவிலிருந்து ஆறு அடி அளந்து, வராந்தாவில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அங்கிட்டுப் பாயைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினார். படம் ஏற்கப்பட்டது.

அந்த வாரம் கட்டுமாவடியிலிருந்து ஒருத்தி வந்தாள். வயது முப்பத்தேழு, மூன்றாவது பிள்ளை உண்டாகியிருந்தாள். மீன் விற்கிறவள். கடலுக்குப் போன கணவர் எல்லை தாண்டிவிட்டார் என்று இலங்கைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போக, அஞ்சு மாசம் உள்ளே இருந்துவிட்டு, வந்த நாலாம் மாதமே மறுபடியும் பிடிபட்டிருந்தார். அவள் உள்ளே வரும்போதே என் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கோடு கிழிச்சு பிள்ளைய அங்கிட்டுப் போட்டு வச்சிருக்கீங்க. அது ஒங்களப் பாத்துப் பாத்து அழுகுது. என்ன மனுசங்க நீங்க!"

"பிள்ளை இங்க இருக்கக் கூடாதும்மா. ஒன் முடிவு மாறிரும்னு சட்டம்."

"எம் முடிவு எங்கிட்ட இருக்கு. இவ எம் மடியில இருக்கட்டும். நீங்க சொல்ல வந்தத சொல்லுங்க."

சொன்னேன். தாளைப் பார்த்துப் படிக்காமல் சொன்னேன். அதுவரை யாரும் கேட்காததை எல்லாம் அவள் கேட்டாள். வாய்ப்பு அதிகம் என்று வந்தால் மதுரைக்கு யார் கூட்டிப் போவார்கள்? அதன்பிறகு எத்தனை நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்? பாப்பாவுக்கு இப்போது எத்தனை மாதம், எப்போது நடப்பாள், எப்போது பேசுவாள்? எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். பதினாலு மாதம், இன்னும் பிடித்தால்தான் உட்காருகிறாள், பேச்சு எப்போது வரும் என்று தெரியாது என்று சொன்னேன். என் மகள் அவள் கழுத்து மஞ்சக் கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பிடுங்கவில்லை.

பிள்ளையின் எச்சிலை முந்தானையால் துடைத்துவிட்டுச் சொன்னாள்.

"ரத்தத்த எடுத்துருங்க நர்ஸம்மா. ஒங்களுக்குப் பக்கத்துல ஆள் இருக்காங்க. எனக்கு அந்த மனுசன் எப்ப கரைக்கு வருவாருன்னே தெரியாது. ரெண்டையும் வச்சுக்கிட்டு, இதுவும் இப்படின்னா ஒத்தையில என்னால ஏலாது. இவளப் பாத்துச் சொல்றேன்னு தப்பா நெனைச்சுறாதீங்க."

தப்பாகத்தான் நினைத்தேன். என் மகளை மடியில் வைத்துக்கொண்டே இவள் மாதிரி வேண்டாம் என்கிறாளே என்று அவள் மேல் ஆத்திரமாக வந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதும் தெரிந்தது. இத்தனை வருடத்தில் அந்த அறையில் யோசித்து, கேட்டு, புரிந்து முடிவெடுத்தவள் அவள் ஒருத்திதான்.

பாப்பாவை வாங்கிக் கீழே விட எழுந்தேன். "இருக்கட்டும், தூக்கம் வருது பிள்ளைக்கு" என்றாள். இடது கையால் என் மகளை மாரோடு அணைத்துக்கொண்டு, வலது கையை என்னிடம் நீட்டினாள். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. குழாய் நிரம்பியதும் பஞ்சை வைத்து அழுத்தி, அவள் பெயரை எழுதி ஒட்டினேன்.